பாலத்துப் பூசணிக்காய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த இயந்திரமும் பொட்டு வைக்காமல் வாசலைத் தாண்டியதில்லை. ராணுவத்துக்குப் போகும் மடிப்புப் பாலமானாலும் சரி, சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கும் சின்னக் குழாயானாலும் சரி, சந்தனம், குங்குமம், கற்பூரம், கடைசியில் சக்கரத்தின் அடியில் ஒரு எலுமிச்சம்பழம். சக்கரம் இல்லாத கருவி என்றால் அதை ஏற்றிப்போகும் வண்டியின் சக்கரத்துக்கு. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானே எத்தனையோ பெட்டிகளுக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். அந்த எலுமிச்சம்பழத்தின் மேல் இருந்த அக்கறையில் கால்பங்கு கருவியின் மேல் இருந்திருக்கலாமே என்பதுதான் என் குறை.

ஆய்வுக்கூடத்தின் பெயர் வேண்டாம். அடையாறு பக்கம் என்று சொன்னால் போதும். வாசலில் துப்பாக்கியோடு காவலர், உள்ளே வேப்பமரங்கள், நாள் முழுக்க டீ. நாட்டுக்கு, நகரத்துக்கு, இயற்கைக்கு என்று மூன்று பிரிவுகள். நான் நாட்டுக்கு உழைத்தவள். அதாவது ராணுவப் பாலத்தின் ஆணிகளை உப்புத்தண்ணீர் ஆவியில் வைத்து அவை எப்போது துருப்பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பணியில் இருந்தபோதும் தைரியமாகத்தான் சொன்னேன். அப்போது யாரும் கேட்கவில்லை.

குறை சொல்வது எனக்குப் பரம்பரைச் சொத்து. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்தவர். கொள்முதலுக்கு வரும் எந்தக் குடத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். சத்தத்திலேயே ஒட்டு எங்கே இருக்கிறது, கனம் எங்கே குறைகிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் அப்படியே எனக்கு வந்தது. சகட்டுமேனிக்கு எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போவேன். கல்யாண மண்டபத்து ரசம், டாக்டரின் கையெழுத்து, அண்ணாசாலையில் புதிதாகப் போட்ட தார், எதையும் விட்டதில்லை. அக்கா வாங்கிய ஃபிரிட்ஜ் ஒரு வருஷம் தாங்காது என்று அவள் வீட்டு வாசலிலேயே சொன்னேன். அது இன்றைக்கும் ஓடுகிறது. அக்கா அதே கடையில் வளர்ந்தும் வேறு மாதிரி ஆனவள். தட்டிப் பார்த்தால் விற்பவர் மனசு நோகும் என்று முதலில் காட்டிய பாத்திரத்தையே வாங்கிவருவாள். யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்பது அவளுக்கு வேதவாக்கு.

அந்த அக்காவும் அத்தானும் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தார்கள். அத்தான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கை என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, மெல்ல மெல்ல எழுந்து வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து வாசல் கேட் வரைக்கும் நடக்க ஆரம்பித்தார். நடக்கும்போது பழைய ஞாபகத்தில் தனக்குத்தானே "லெஃப்ட், ரைட்" என்று குழறிக்கொள்வார். ரைட்டுக்குத்தான் கால் வராது, ஆனாலும் விடமாட்டார். கேட்டைத் தொட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்ப்பார். அக்கா கை தட்டுவாள். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் தோன்றாது.

வேளச்சேரித் தரைத்தளத்துக்கு மழை வந்தால் என்ன ஆகும் என்று சென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஏரி இருந்த இடத்தில் வீடு கட்டினோம், ஏரி தன் இடத்தைப் பார்க்க வருடா வருடம் வந்து போகிறது. வீட்டை விற்கலாம் என்றால் தண்ணீர் ஏறிய வீட்டை வாங்க யார் வருவார்கள்? தண்ணீர் வந்தால் முதல் வேலை அத்தானை மேலே தூக்கிப்போவது. அவருக்கு நெஞ்சில் ஏற்கெனவே சளி. ஈரத்தில் கிடந்தால் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டாம் மாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்கள் சிலர் இருந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவிடுவார்கள். நல்ல பையன்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள். அவர்களை எப்போது எழுப்புவது என்பதுதான் அக்காவின் கவலை. முன்னாலேயே எழுப்பினால் சும்மா தொந்தரவு. பின்னால் எழுப்பினால் தண்ணீர் வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சுற்றுச்சூழலைக் கண்டுபிடித்தார்.

கதை அதற்கும் முன்னால் தொடங்கியது. ஆற்றின் மேல் மடிப்புப் பாலம் போடும்போது தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ராணுவத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒரு பெட்டி செய்தோம். உயரத்தில் மாட்டினால் கீழே ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். நல்ல பெட்டிதான், பொய் சொல்லக் கூடாது. ராணுவத்தார் வாங்கிப் பார்த்தார்கள். கரையில் கோடு போட்ட மூங்கில் கழி ஒன்றை நட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். கூடவே, மிகவும் பயனுள்ள முயற்சி என்று ஒரு பாராட்டும் வந்தது. இந்தப் பாராட்டை எங்கள் இலாகாவில் எல்லோருக்கும் மொழிபெயர்க்கத் தெரியும். எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம்.

எடுத்துக்கொண்டு போன இடம் வேளச்சேரி. பெட்டியின் ராணுவப் பச்சையைச் சுரண்டிவிட்டு வானநீலம் அடித்தார்கள். சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. அக்கா வீட்டுக்கு அருகே, ஏரித் தண்ணீர் சதுப்புநிலத்துக்குப் போகும் கால்வாயின் மேல் ஒரு பாலம் உண்டு. அந்தப் பாலத்தின் கைப்பிடியிலிருந்து ஒரு இரும்புக் கையை வெளியே நீட்டி, அதன் நுனியில் தண்ணீரைப் பார்த்தபடி பெட்டியை மாட்டினார்கள். தண்ணீர் ஏறினால் சுற்றியுள்ள தெருமுனைகளில் சைரன் அலறும். வேளச்சேரிக்காரர்கள் முதல் நாளே அதற்குச் சங்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியில் என் கை பட்டது அதன் ஆணியில் மட்டும்தான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தெரு முழுக்க "எங்க தங்கச்சி செஞ்ச மிஷினு" என்று சொல்லிவைத்தாள். என்னிடம், "இனிமே எனக்குக் கவலையே இல்ல. சங்கு ஊதினா பசங்கள எழுப்புவேன். ஊதலைன்னா அவங்க தூங்கட்டும்" என்றாள். அவளுடைய நெடுநாள் சங்கடத்துக்கு விடை கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் வருகிறார் என்பதற்காகக் கால்வாயில் மிதந்த குப்பையை முந்தின நாளே வாரி, பாலத்துக்கு வெள்ளையடித்து, பெட்டிக்கு ரோஜாமாலை போட்டிருந்தார்கள். ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிப் பெட்டிக்கு அடியில் உயர்த்திக் காட்டினார்கள். தண்ணீர் ஏறிவிட்டது என்று பெட்டி நம்பியது. சங்கு அலறியது. எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி தேங்காய் உடைத்தார். அவர் கார் ஏறிய பிறகு எங்கள் தலைவர் பாலத்தை ஒருமுறை திருப்தியாகப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர் கண்ணு பட்டுதோ, திருஷ்டி கழிக்க ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

என் காதில் அது விழுந்தது. திருஷ்டி கழிப்பதென்றால் ஒரு பூசணிக்காயைச் சுற்றி நடுரோட்டில் உடைப்பார்கள், பைக்கில் வருபவர்கள் வழுக்கி விழுவார்கள் என்றுதான் நினைத்தேன். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து சங்கு ஓயாமல் ஊத ஆரம்பித்தது. வானத்தில் மேகமே இல்லை. கால்வாயில் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். பெட்டி மட்டும் வெள்ளம் பாலத்தை முட்டுகிறது என்று சத்தியம் செய்தது. அக்கா முதல் சத்தத்திலேயே மாடிக்கு ஓடிப் பையன்களை எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தோடு வந்து அத்தானை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப்போனார்கள். வெளியே பட்டை கிளப்பும் வெயில். மறுபடியும் ஊதியது, மறுபடியும் தூக்கினார்கள். அடுத்த தடவை ஒரு பையன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஆண்ட்டி, வெயில்ல எப்படி ஃப்ளட் வரும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அக்கா கூனிக் குறுகிப்போனாள். தெருக்காரர்கள் சைரன் வாயில் பழைய பனியனைத் திணித்தார்கள். அப்படியும் முனகியது.

ஆய்வுக்கூடத்தில் அவசரக் கூட்டம் கூடியது. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே நடத்தக்கூடிய கூட்டம். பறக்கும் ரயிலின் அதிர்வு என்றார் ஒருவர். புறா என்றார் இன்னொருவர். பெருங்குடிக் குப்பைமேட்டிலிருந்து வரும் வாயு காற்றில் ஒலியின் வேகத்தை மாற்றுகிறது என்று ஒருவர் பலகையில் சமன்பாடு எழுதிக் காட்டினார். அழகான சமன்பாடு. எனக்கு அந்தக் கூட்டத்தில் வேலை இல்லை, ஆனாலும் அக்காவுக்காகப் போய் உட்கார்ந்திருந்தேன். பொறுக்க முடியாமல், "யாராவது நேர்ல போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

தலைவர் சிரித்தார். "மேடம், போய்ப் பாக்க வேண்டாம்னுதானே சென்சாரே வெக்கிறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது.

கூட்டத்தின் முடிவில் மென்பொருள் பிரிவின் பொறுப்பாளர் வழி சொன்னார். முனைவர் பட்டம் வாங்கியவர், கழுத்தில் எந்நேரமும் அடையாள அட்டை, தூங்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ. பெட்டிக்கு மிக அருகில் வரும் அளவுகள் எல்லாம் இரைச்சல், அவற்றைத் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த நல்ல அளவையே திருப்பிச் சொல்லும்படி ஒரு அல்காரிதம் எழுதலாம் என்றார். எழுதினார். சங்கு அன்றே வாயை மூடியது. அடங்காத சங்கை அடக்கியதற்கு அவருக்குப் பாராட்டு கிடைத்தது. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பேசுவதற்கு வெளிநாட்டுக்குப் போகவும் ஏற்பாடு ஆனது.

அக்கா போனில் சொன்னாள்: "இப்ப சங்கு ஒழுங்காயிடுச்சுடி. ரிப்பேர் பண்ணிட்டாங்கபோல."

தட்டிப் பார்க்காத பாத்திரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் குடியிருக்கும் மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயில் ஏறி, அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தேன்.

இரும்புக் கையின் நுனியில், பெட்டியின் வாய்க்கு நேர் கீழே, ஒரு முழு வெண்பூசணிக்காய் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கட்டடம் கட்டும் இடங்களில் தொங்குமே, அதே மாதிரி. கரியால் மீசை, கோரைப்பல், சிவப்புச் சாயத்தில் நீளமான நாக்கு. பெட்டி கீழே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது, அது பூசணிக்காயின் மண்டையில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பாவம், பெட்டி பொய்யே சொல்லவில்லை. தனக்கு எதிரே முழு வெள்ளம் நிற்கிறது என்றுதான் அதற்குத் தெரிந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை அல்காரிதத்தில் மறைத்தவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

நடுப்பாலத்தில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. பூசணிக்காய் இருக்கும்வரை பெட்டிக்குக் கால்வாய் தெரியாது. தெரிந்த பூசணிக்காயையும் சொல்லாதே என்று அதன் வாயைக் கட்டியாகிவிட்டது. இனி கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், வெயில் காலத்தில் பார்த்த கணுக்கால் தண்ணீரையே அது சொல்லிக்கொண்டிருக்கும். சங்கு ஊதாது. அக்கா பையன்களை எழுப்பமாட்டாள்.

பாலத்தைப் பார்த்துக்கொள்ளக் காண்ட்ராக்டில் ஒரு காவலாளி இருந்தார். பக்கத்து இளநீர்க்காரரிடம் அரிவாள் வாங்கி நான் கயிற்றை அறுத்ததைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா மேடம் இது, இப்டி பண்ணிட்ட! ஆபீஸர் சொல்லிக்கீறாரு, அமாவாசைக்கு அமாவாசை புச்சா கட்டணும்னு. இத கட்டுனதுலேர்ந்து பாரு, தண்ணி ஏறவே இல்ல."

"மழையே பெய்யலயே அய்யா."

"அதான் சொல்றேன். பெய்யவே இல்ல பாரு."

அந்தத் திட்டத்திலேயே நாள் தவறாமல் நடந்த ஒரே வேலை அவர் பூசணிக்காய் கட்டியதுதான்.

திங்கட்கிழமை காலையில் போனில் எடுத்த படத்தோடு தலைவரின் அறைக்குப் போனேன். பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. மென்பொருள் பொறுப்பாளரைக் கூப்பிட்டார். இருவரும் படத்தைச் சாவு வீட்டில் நிற்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மென்பொருள்காரர்தான் வாய் திறந்தார்.

"பூசணிக்காயை எடுத்துட்டா அல்காரிதத்துக்கு வேலையே இல்லையே சார். பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு."

"எடுத்தாச்சு. நானே அறுத்துட்டேன்" என்றேன். "அந்த அல்காரிதத்தையும் எடுங்க. மழைக்காலம் வருது."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "அறுக்கறது ஈஸி மேடம். அறுத்தப்புறம் ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?" பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, "கமிட்டில வெச்சுப் பேசுவோம். நீங்க கொஞ்சம் எல்லாத்தையும் நெகட்டிவாவே பாக்குறீங்க" என்றார்.

கமிட்டி கூடுவதற்குள் அமாவாசை வந்தது. அடுத்த முறை நான் பாலத்தைப் பார்த்தபோது புதுப் பூசணிக்காய் ஆடிக்கொண்டிருந்தது. முன்னதைவிடப் பெரிது. கயிற்றுக்குப் பதில் நான் அறுக்க முடியாதபடி கட்டுக்கம்பி. அதில் தெரிந்த புத்திசாலித்தனம் எங்கள் திட்டத்தில் வேறெங்கும் இல்லை.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அப்போதுதான் கேட் வரை நடந்துவிட்டு வந்து வியர்வையோடு உட்கார்ந்திருந்தார். "அக்கா, அந்தச் சங்கை நம்பாத. அது ஊதாது. மழை கொஞ்சம் வலுத்தாலே பசங்கள எழுப்பிடு" என்றேன். பூசணிக்காய்க் கதையை முழுதாகச் சொன்னேன். அத்தானுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அக்காவும் சிரித்தாள். அவர் முதுகைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "உனக்கு எப்பவும் உங்க ஆபீஸ மட்டம் தட்டணும். அவ்ளோ படிச்சவங்க பூசணிக்காகூடத் தெரியாமயா இருப்பாங்க? விடுடி."

"நெசமா சொல்றேன்க்கா."

"சரி சரி. காப்பி குடி."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, விடிகிறபோது விடியட்டும் என்று காப்பியைக் குடித்தேன். சிக்கரி அதிகம் என்று அதற்கும் ஒரு குறை சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மழை வந்தது. ஒரு பகலும் இரவும் விடாமல் பெய்தது. காலையில் எழுந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"தண்ணி எவ்ளோ இருக்கு?"

"வாசல்ல கொஞ்சம் நிக்குது. உள்ள வரல."

"பசங்கள எழுப்பு. அத்தான மேல கொண்டு போ."

"இப்பத்தான் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுத்தாங்கடி. சங்கு இன்னும் ஊதலையே."

"அது ஊதாதுக்கா! எத்தன தடவ சொல்றது?"

"நீ பதறாத. நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவளுக்குப் போன் போகவில்லை. ஆட்டோக்காரர்கள் யாரும் வேளச்சேரிக்கு வரமாட்டோம் என்றார்கள். திருமயிலை நிலையத்தில் ரொம்ப நேரம் காத்திருந்து, ஊர்ந்து ஊர்ந்து வந்த பறக்கும் ரயிலில் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். யாரோ கட்டிவைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தபோது தண்ணீர் பாலத்தின் மேல்தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரும்புக் கை வெளியே நீட்டியபடி இருந்தது. பூசணிக்காய் தொங்கவில்லை, கட்டுக்கம்பியின் நீளத்துக்கு மிதந்துகொண்டிருந்தது. மீசை கரைந்திருந்தது, நாக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதற்குச் சற்று மேலே வானநீலப் பெட்டி பச்சை விளக்கு எரிய நிம்மதியாக இருந்தது. எல்லாம் நலம் என்பதற்கு எங்கள் ஆய்வுக்கூடம் வைத்த அடையாளம் அந்தப் பச்சை விளக்கு.

அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தாண்டியிருந்தது. மெத்தை ஊறி, அத்தான் அதில் பாதி மூழ்கிக் கிடந்தார். அக்கா தண்ணீருக்குள் மண்டிபோட்டு அவர் தலையைத் தோளில் தாங்கிப் பிடித்திருந்தாள். தண்ணீர் ஒரேயடியாக ஏறியபோது அவரை விட்டுவிட்டு மாடிக்கு ஓடவும் அவளால் முடியவில்லை. கத்தினாளாம். மழைச் சத்தத்தில் மாடிக்குக் கேட்கவில்லை.

நான் படியேறிக் கதவை இடித்தேன். பையன்கள் கட்டியிருந்த லுங்கியோடு ஓடிவந்து அத்தானை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் கொட்டாவி அடக்கியவன்தான் முன்னால் பிடித்திருந்தான். "ஏன் ஆண்ட்டி, முன்னாடியே ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று அவன் அழுகிற குரலில் கேட்டான். அக்காவுக்குக் குளிரில் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன.

அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. தேனாம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்து வந்தார். பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நடை போய்விட்டது. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டு காயப்போடும் கொடியாக நிற்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருநாள் நான் அடக்க மாட்டாமல் அக்காவிடம் கத்திவிட்டேன். "நான் சொன்னேன்லக்கா? அந்தச் சங்கு ஊதாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்றும் வரவில்லை. "சொன்ன" என்றாள். "நீ எதத்தான் சொல்லல? ஃபிரிட்ஜ சொன்ன, டாக்டர சொன்ன, காப்பிய சொன்ன. எதடி நான் நெசம்னு எடுத்துக்கறது?"

ஆய்வுக்கூடத்தில் மழைக்காலத்து ஆய்வறிக்கை வந்தது. பருவமழை முழுவதும் ஒரு பொய் எச்சரிக்கைகூட ஒலிக்கவில்லை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். உண்மைதான், மெய் எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. அதைச் சொல்ல அதில் இடம் விட்டிருக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னேன். தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ரொம்ப வருத்தமான விஷயம் மேடம்" என்றார். அடுத்த பக்கத்துக்குப் போனார். அடுத்த பக்கத்தில் இன்னும் பல பாலங்களுக்கு அதே பெட்டியை வைக்கும் திட்டம் இருந்தது. அந்த ஆட்களைப் பற்றி எனக்கு இருக்கும் இளக்காரம் இன்றுவரை ஒரு துளியும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

ஆனால் வேறொன்று என்னை அரிக்கிறது. மேகமில்லாத நாளிலும் அலறிய சங்குக்கு எங்கள் ஆட்கள் ஒரு வடிகட்டி போட்டார்கள். அக்கா அதைப் பல வருஷத்துக்கு முன்பே எனக்குப் போட்டுவிட்டாள். அவள் படிக்காத அல்காரிதம்.

அவர்கள் இன்னும் அதே தரைத்தளத்தில்தான் இருக்கிறார்கள். மாடியில் காலி வீடு கிடைக்கவில்லை, கீழ் வீட்டை வாங்க ஆள் வரவில்லை. இந்த வருஷ மழை தொடங்கிய அன்று மயிலாப்பூரில் என் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்தேன். கடல் பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அக்காவுக்குப் போன் செய்து, "இன்னிக்கே அத்தான மாடிக்குக் கொண்டு போயிடு. நாளைக்கு வேணாம், இன்னிக்கே" என்றேன்.

அக்கா கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நெசமா சொல்றியா, வழக்கம்போல சொல்றியா?"

"நெசமாத்தான்க்கா சொல்றேன்" என்றேன். எனக்கே அது வழக்கம்போலத்தான் கேட்டது.